பழைய கல்நார் அட்டைக் கூரையைப் பாதுகாப்பாக மாற்றும் முறை

நம் கிராமங்களில் கீற்றுக் கூரைகள் குறைந்து, ஓட்டு வீடுகளும் அட்டை வீடுகளும் பெருகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எளிதில் தீப்பற்றாது, கறையான் அரிக்காது, அடிக்கடி கீற்று மாற்றும் செலவு இல்லை, ஒரே நாளில் வேய்ந்து முடித்துவிடலாம் என்ற காரணங்களால் உழவர்கள் சிமெண்டு அட்டையை விரும்பி வாங்கினர். வீட்டுக்கு மட்டுமின்றி மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை, பம்புசெட் அறை, விளைபொருள் வைக்கும் கொட்டகை ஆகியவற்றுக்கும் இதையே போட்டனர். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட அக்கூரைகள் இன்று வெடித்தும், பாசி படிந்தும், ஒழுகியும் நிற்கின்றன. அவற்றைக் கழற்றிப் புதுக் கூரை போடும் வேலை இப்பொழுது ஊர்தோறும் நடைபெறுகிறது.

இவ்வேலை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? கூரைமேல் ஏறிச் சுத்தியலால் தட்டி உடைத்து, துண்டுகளைக் கீழே தள்ளி, துடைப்பத்தால் கூட்டி, மேட்டில் கொட்டிவிடுகிறார்கள். விரைவாக முடிந்துவிடும் வேலைதான். ஆனால் இந்த ஒரு நாள் வேலையில் இரண்டு பெரிய அபாயங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, கால் வைத்த அட்டை முறிந்து ஆள் கீழே விழுவது. இது அன்றே உயிரைப் பறிக்கக்கூடியது. மற்றொன்று, உடைந்த அட்டையிலிருந்து பறக்கும் கல்நார்த் தூசி. இதன் கேடு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். இவ்விரண்டையும் தவிர்த்து, பழைய அட்டையை அகற்றிப் புதுக் கூரை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கல்நார் என்பது யாது?

கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் நார்போன்ற ஒரு கனிமம். ஆங்கிலத்தில் இதை ஆஸ்பெஸ்டாஸ் என்பர். பஞ்சுபோல் பிரியும், நெருப்பில் எரியாது, எளிதில் மக்காது. 1900-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர், சிமெண்டுடன் கல்நாரைக் கலந்து மெல்லிய, உறுதியான அட்டை செய்யும் முறையைக் கண்டார். மண் சுவருக்கு வைக்கோல் எப்படியோ, சிமெண்டு அட்டைக்குக் கல்நார் அப்படி. அட்டையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி சிமெண்டு.

கல்நாரில் பல வகைகள் உண்டு. நம் நாட்டுக் கூரை அட்டைகளில் பயன்படுவது வெண் கல்நார். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. இங்கிலாந்து 1999-இலும், ஆஸ்திரேலியா 2003-இன் இறுதியிலும் தடை விதித்தன. நம் நாட்டில் கல்நார் அட்டைக்குத் தடை இல்லை. கல்நாரை வெளிநாடுகளிலிருந்து தருவித்து இங்கு அட்டை செய்து விற்கிறார்கள். ஆகவே கடையில் விற்கப்படுகிறது என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

உடலுக்கு ஏற்படும் கேடு

கல்நார் இழைகளில் கேடு செய்பவை மிக நுண்ணியவை. மனிதத் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இவற்றைக் கண்ணால் காண இயலாது. மூக்கில் ஏறினால் நெடியோ எரிச்சலோ தெரியாது. காற்று சற்று அசைந்தாலும் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். மூச்சுடன் உள்ளே போகும் இழை நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கிவிடுகிறது. உடலில் புகும் வேண்டாப் பொருள்களை விழுங்கி அழிக்கும் செல்கள் நம் நுரையீரலில் உண்டு. ஆனால் நீண்ட கல்நார் இழையை அவற்றால் விழுங்கி முடிக்க இயலாது. அந்த இடம் புண்ணாகித் தழும்பேறுகிறது.

இதனால் வரும் முக்கிய நோய்கள் மூன்று.

1. கல்நார் நுரையீரல் நோய்: நுரையீரல் தழும்பேறி விறைத்து, மூச்சு வாங்கும். நீண்ட நாள் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருவது.

2. நுரையீரல் புற்றுநோய்: பீடி, சிகரெட் புகைப்பவருக்கு இந்த அபாயம் பல மடங்கு பெருகும்.

3. நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய்: இது அரிதானது, ஆனால் குணப்படுத்த இயலாதது என்றே சொல்லலாம். இது பெரும்பாலும் கல்நாரால் வருவது.

இந்நோய்கள் உடனே வருவதில்லை. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் தலைகாட்டுகின்றன. "எத்தனையோ கூரை உடைத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று இன்று சொல்பவரின் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதே பொருள். 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபொழுது, அவர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

எவ்வளவு தூசி வரை தீங்கில்லை என்று ஓர் எல்லையும் வகுக்கப்படவில்லை. சுவாசிக்கும் அளவு கூடக்கூட அபாயமும் கூடும். ஒருமுறை சிறிது தூசி பட்டவர் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. வாரந்தோறும் கூரை பிரிக்கும் கூலித் தொழிலாளிக்கே அபாயம் மிகுதி. ஆகவே உங்கள் வீட்டு வேலையைச் சரியான முறையில் செய்விப்பது, அந்தத் தொழிலாளிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாகும்.

முழு அட்டை வேறு, உடைந்த அட்டை வேறு

இக்கட்டுரையில் நீங்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். உடையாத, நல்ல நிலையில் உள்ள அட்டையில் கல்நார் சிமெண்டுக்குள் பிணைந்து கிடக்கிறது. அதன் கீழ் குடியிருப்பதால் மட்டும் பெரிய அளவில் தூசி பறப்பதில்லை. அட்டையை உடைக்கும்பொழுதும், அறுக்கும்பொழுதும், துளையிடும்பொழுதும், தேய்க்கும்பொழுதும்தான் இழைகள் விடுபட்டுப் பறக்கின்றன. மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் கிடந்த அட்டையின் மேற்பரப்பில் சிமெண்டு அரித்துப் போய், இழைகள் வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, கதிர்களைக் களத்தில் அடித்து மணி உதிர்ப்பதற்கு ஒப்பாகும்.

எனவே விதி மிக எளிது: உடைக்காதீர்கள், உலர்ந்த நிலையில் கையாளாதீர்கள். முழு அட்டையாக, நனைந்த அட்டையாகக் கீழே இறங்க வேண்டும்.

அகற்றுவதா, விட்டுவைப்பதா?

எல்லாப் பழைய அட்டையையும் உடனே கழற்றியாக வேண்டும் என்பதில்லை. முதலில் ஏணியில் நின்று பாருங்கள்; கூரைமேல் ஏற வேண்டாம். வெடிப்பு இல்லை, விளிம்பு உரியவில்லை, போல்ட் துளைகளைச் சுற்றிக் கீறல் இல்லை, ஒழுகல் இல்லை என்றால் அதைத் தொடாமல் விட்டுவைப்பதே நலம். ஒன்றிரண்டு சிறு வெடிப்புகளைத் தார் கலந்த ஒட்டுநாடாவால் அடைக்கலாம். அடைக்குமுன் அந்த இடத்தை ஈரத் துணியால் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

கோடையில் மாட்டுக் கொட்டகையின் வெப்பம் குறையக் கூரைமேல் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் நல்லதே. ஆனால் அதற்குமுன் பாசியைச் சுரண்டுவதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் குழாய் கொண்டு தண்ணீரைப் பீய்ச்சுவதும் கூடாது. அட்டையை மெதுவாக நனைத்து, தெளிப்பான் கொண்டு சுண்ணாம்பைத் தெளித்தால் போதும்.

கீழ்க்கண்ட நிலைகளில் அகற்றுவதே சரி:

1. பல அட்டைகள் வெடித்து அல்லது துளைபட்டு ஒழுகுதல்.

2. கையால் தொட்டால் மாவுபோல் அல்லது பஞ்சுபோல் ஒட்டும் அளவு மேற்பரப்பு அரித்திருத்தல்.

3. சட்டங்கள் உளுத்துக் கூரை தொய்ந்திருத்தல்.

4. வீட்டை விரிவாக்கவோ, அட்டையை வெட்டவோ வேண்டிய நிலை ஏற்படுதல்.

கூரை நீர் வடியும் தகரவாரியில் தங்கும் வண்டலிலும் கல்நார் இழை இருக்கும். குடிநீருடன் இழை வயிற்றுக்குள் போவதால் நோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும் அந்த வண்டல் உலர்ந்தால் தூசியாகும். ஆகவே வாரியை ஈரமாக இருக்கும்பொழுதே வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். அரித்துப்போன அட்டைக் கூரையின் நீரை நேரே கிணற்றிலோ குடிநீர்த் தொட்டியிலோ விட வேண்டாம்.

கல்நார் உள்ள அட்டையா, இல்லாத அட்டையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐயம் இருந்தால் கல்நார் உள்ளது என்றே கொண்டு செயல்படுவது பாதுகாப்பு.

கூரைமேல் கால் வைக்காதீர்கள்

பழைய அட்டை பார்க்கத்தான் உறுதி. ஆள் எடையைத் தாங்காது. எந்த இடத்தில் முறியும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. பாசியும் சுண்ணாம்பும் வெடிப்பை மறைத்திருக்கும். "போல்ட் வரிசைமேல் நடந்தால் ஒன்றும் ஆகாது, கீழே சட்டம் இருக்கிறது" என்று பலர் நம்புகின்றனர். இது தவறான நம்பிக்கை. கால் சற்று வழுக்கினாலும் சட்டத்தை விட்டு விலகிவிடும். நனைத்த கூரையில் வழுக்கல் இன்னும் மிகுதி.

ஆகவே கூரையைக் கீழிருந்தே கழற்ற வேண்டும். கட்டடத்தின் உள்ளே சாரம் கட்டிப் பலகை பரப்பி, அதன்மேல் நின்று வேலை செய்வதே சிறந்த முறை. வெளிப்புறம் விளிம்பில் மற்றொரு சாரம் அல்லது உறுதியாகக் கட்டிய ஏணிகள் இருக்க வேண்டும். சாரத்துக்கு ஆகும் செலவைக் கண்டு பின்வாங்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்துவிட்டால், ஒரு பருவ வெள்ளாமையே போய்விடும்.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவை

வேலைக்கு ஏற்ற காலம், அறுவடை முடிந்து களமும் வீடும் காலியாக இருக்கும் மாதங்கள். காற்று அமைதியாக உள்ள காலை நேரத்தில் தொடங்குங்கள். காற்று வலுத்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

1. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோரை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆடு, மாடு, கோழிகளையும் அப்புறப்படுத்துங்கள்.

2. தானியம், தீவனம், படுக்கை, பாத்திரங்களை வெளியேற்றுங்கள். எடுக்க இயலாதவற்றைப் பாலித்தீன் விரிப்பால் மூடுங்கள். அருகிலுள்ள கிணறு, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர் ஆகியவற்றையும் மூடுங்கள்.

3. அண்டை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லி, சன்னல்களைச் சாத்தி வைக்கச் செய்யுங்கள். உலர்த்தும் துணிகளையும் எடுக்கச் சொல்லுங்கள்.

4. கூரையில் மின்கம்பி இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் தெளிப்பதற்கு முன் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

5. கொட்டகையின் உள்ளும் வெளியிலும் தரையில் கனமான பாலித்தீன் விரிப்பை விரியுங்கள். விழும் சில்லுகள் மண்ணில் கலவாமல் இருக்க இது உதவும்.

தேவையான பொருட்கள்

முகக்கவசம் முதலில் வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதால் பயனில்லை. நுண்ணிய இழைகள் துணியின் கண் வழியே எளிதாகப் புகுந்துவிடும். எஃப்.எஃப்.பி. 3 என்று குறிக்கப்பட்ட முகக்கவசம் நல்லது. அது கிடைக்காவிட்டால் என்-95 அல்லது எஃப்.எஃப்.பி. 2 வகையாவது அணிய வேண்டும். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பயன். தாடி இருந்தால் பொருந்தாது. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், கூலிக்கு வருவோர் உட்பட, தனித்தனிக் கவசம் வாங்கிக் கொடுங்கள்.

இவற்றுடன் முழுக்கைச் சட்டை, தலையை மூடும் துணி, கையுறை, கயிறு, ஸ்பேனர், இரும்பு அறுக்கும் வாள், தடித்த பாலித்தீன் விரிப்பு, கெட்டியான பைகள், ஒட்டுநாடா ஆகியவை தேவை.

தண்ணீர் தெளிக்க உங்கள் கைத்தெளிப்பானே போதும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த தெளிப்பானாக இருந்தால் பலமுறை நன்கு கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். பயிருக்கு மருந்தடிக்கும்பொழுது ஒட்டும் திரவம் சேர்ப்பது போல, இங்கும் தண்ணீரில் சிறிது திரவ சோப்பைக் கலந்துகொள்ளுங்கள். அப்பொழுதுதான் நீர் வழிந்தோடாமல் அட்டையில் ஊறும். பனிபோல் பரவும் மெல்லிய தெளிப்பே வேண்டும்.

மின்சார அறுவை எந்திரத்தையும் துளையிடும் எந்திரத்தையும் அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். சில நிமிடங்களில் ஒரு நாள் வேலைக்கான தூசியை அவை கிளப்பிவிடும்.

அட்டையை அகற்றும் முறை

பொதுவாக அட்டையின் அகலம் 1.05 மீட்டர், கனம் 6 மி.மீ. 2.5 மீட்டர் நீள அட்டை சுமார் 35 கிலோ எடை இருக்கும். ஆகவே நான்கு பேராவது வேண்டும்: உள்ளே இருவர், விளிம்பில் இருவர்.

1. அன்று கழற்றப்போகும் அட்டைகளின் இரு பக்கங்களையும் தெளிப்பான் கொண்டு நன்கு நனையுங்கள். உலர உலர மீண்டும் தெளியுங்கள்.

2. இரும்புச் சட்டமானால், அட்டையைக் கொக்கி போல்ட் பிடித்திருக்கும். அதைச் சுற்றி நனைத்துவிட்டு, சட்டத்துக்குக் கீழே உள்ள கொக்கியை உள்ளிருந்தே கைவாளால் அறுத்துவிடலாம். துருப்பிடித்த மரையை மேலிருந்து முறுக்கி அட்டையை வெடிக்கச் செய்வதைவிட இது மேல்.

3. மரச் சட்டமானால் மேலிருந்து திருகாணி முடுக்கியிருப்பார்கள். விளிம்புச் சாரத்தில் நின்று, எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரால் மெதுவாகக் கழற்றுங்கள். உயரத்தில் உள்ள திருகாணிகளை, பக்கத்து அட்டையைக் கழற்றியபின் உள்ளே உள்ள சாரத்தில் நின்று எட்டிக் கழற்றலாம். கடப்பாரையால் நெம்பக் கூடாது.

4. வேய்ந்ததற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள். முதலில் முகட்டு ஓடு, பிறகு மேல் வரிசை, கடைசியாக விளிம்பு வரிசை. அட்டையின்மேல் அட்டை ஏறியிருக்கும் இடத்தில், மேலே இருப்பதையே முதலில் எடுக்க வேண்டும். இழுத்துப் பறித்தால் மூலை முறியும்.

5. ஒவ்வொரு அட்டையையும் முழுதாகத் தூக்கி, விளிம்பில் நிற்பவரிடம் கொடுத்து, சாய்த்து வைத்த பலகைமேல் கயிறு கட்டி மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து போடவோ, ஒன்றன்மேல் ஒன்றை உரசித் தள்ளவோ கூடாது.

6. இறக்கிய அட்டைகளை விரிப்பின்மேல் படுக்கையாக அடுக்கி, ஈரம் காயுமுன் மூடிக் கட்டுங்கள்.

7. தவறி உடைந்த துண்டுகளை உடனே நனைத்துக் கையால் பொறுக்கிப் பையில் போடுங்கள். அவற்றை மேலும் சிறிதாக உடைக்காதீர்கள்.

வேலையின் நடுவில் பீடி, வெற்றிலை, தேநீர் வேண்டாம். இடைவேளையில் சற்றுத் தள்ளிச் சென்று, கைமுகம் கழுவிய பின்னரே உண்ணுங்கள்.

வேலை முடிந்த பின்

சட்டங்களையும் சுவர் விளிம்பையும் ஈரத் துணியால் துடைத்து, அத்துணியையும் பையில் போடுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தூசி படிந்த விரிப்பை நனைத்து, உட்புறமாகச் சுருட்டிக் கட்டுங்கள். மண்ணில் சில்லு கலந்திருந்தால் நனைத்து, மேல் மண்ணோடு வழித்தெடுங்கள்.

வேலை உடையுடன் வீட்டுக்குள் போகாதீர்கள். கல்நார்த் தொழிலாளரின் உடையை உதறித் துவைத்த மனைவியருக்கும் நோய் வந்தது வெளிநாடுகளில் பல இடங்களில் பதிவாகியுள்ளது. பழைய உடையானால் கழிவுப் பையிலேயே போட்டுவிடலாம். அல்லது அங்கேயே தண்ணீரில் முக்கி, தனியாக அலசுங்கள். முகக்கவசத்தைக் கடைசியாகக் கழற்றி, தலை முழுகிக் குளித்த பிறகு வீட்டுக்குள் செல்லுங்கள்.

கழற்றிய அட்டையை என்ன செய்வது?

உழவர்கள் எதையும் வீணாக்க விரும்புவதில்லை. அது நல்ல குணம்தான். ஆனால் கல்நார் அட்டைக்கு அது பொருந்தாது. பழைய அட்டையை அடுப்படித் தடுப்பாகவும், குளியல் மறைப்பாகவும், கோழிக் கூண்டுக்குக் கூரையாகவும், பாத்திக்கு வரப்பாகவும் பயன்படுத்துவதைக் காண்கிறோம். இவ்வாறு வைக்கும் ஒவ்வொரு துண்டும் நாளடைவில் உடைந்து தூசியாகும். உடைத்து வண்டிப் பாதையின் பள்ளத்தில் கொட்டுவது எல்லாவற்றிலும் கேடானது. ஒவ்வொரு சக்கரமும் அதை மாவாக அரைக்கும்.

எருக்குழியிலோ, வாய்க்கால் கரையிலோ, ஏரிப் புறம்போக்கிலோ கொட்டாதீர்கள். கல்நார் மக்குவதில்லை, அடுத்த தலைமுறையின் ஏர் அதைக் கிளறும். தீயிலும் போடக் கூடாது. அட்டைத் துண்டு தீயில் பட்டாசுபோல் வெடிக்கும் என்பதால் சிறுவர்கள் விளையாட்டாகப் போடுவதுண்டு. சில்லு கண்ணில் தெறிப்பதோடு, இழையும் காற்றில் பரவும். பழைய அட்டையை மற்றவருக்கு விற்பதும், சும்மா கொடுப்பதும் அபாயத்தைக் கைமாற்றுவதே ஆகும்.

சரியான முறை இதுதான். அட்டைகளை முழுதாக அடுக்கி, தடித்த பாலித்தீன் விரிப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். "கல்நார் - பிரிக்காதீர், உடைக்காதீர்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பின்னர் மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தை அணுகி, எங்கு ஒப்படைப்பது என்று எழுத்து மூலம் கேளுங்கள். அபாயகரமான கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. ஒரு வீட்டு அட்டைக்காகத் தனி லாரி வைப்பது சிறு விவசாயிக்கு இயலாத செயல். ஆகவே ஊரில் கூரை மாற்றுவோர் பலர் சேர்ந்து, ஊராட்சித் தலைவர் வழியாக ஒரே நடையில் அனுப்ப ஏற்பாடு செய்வது சிக்கனமானது. அதுவரை கட்டிய அட்டையை, யாரும் மிதிக்காத மேடான மூலையில், மழை படாமல் வைத்திருங்கள்.

புயலில் உடைந்த கூரை

2011-ஆம் ஆண்டு டிசம்பரில் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலும், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வேதாரண்யம், நாகப்பட்டினம் பகுதியைத் தாக்கிய கஜா புயலும் நம் நினைவை விட்டு அகலவில்லை. இத்தகைய புயல்களில் உடையும் அட்டைச் சில்லுகள் தோப்பிலும் தெருவிலும் சிதறும். புயல் ஓய்ந்த உடனே, அவை மழையில் நனைந்திருக்கும்பொழுதே பொறுக்கிப் பைகளில் கட்டிவிட வேண்டும். வெயில் அடித்து உலர்ந்தபின் கூட்டினால் தூசி பறக்கும். தென்னை மட்டை, மரக்கிளைகளுடன் கலந்து எரித்துவிடக் கூடாது. குழந்தைகளை இவ்வேலையில் சேர்க்காதீர்கள்.

புதுக் கூரைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆறு மீட்டர் நீளமுள்ள, இருபுறமும் சரிவான ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 6 வீதம் 2.5 மீட்டர் அட்டைகள் 12 இருந்தன எனில், கூரையின் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். பழைய அட்டைகளின் எடை சுமார் 420 கிலோ. இதை மனத்தில் கொண்டு கீழ்க்கண்டவற்றை ஒப்பிடுங்கள்.

வண்ணம் பூசிய இரும்புத் தகடு: அரை மி.மீ. கனமுள்ள தகடு சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோதான். மொத்தம் 150 கிலோவுக்குள் அடங்கும். பழைய சட்டங்கள் நல்ல நிலையில் இருந்தால் அவையே தாங்கும். ஆனால் எடை குறைவு என்பதே இதன் குறையும் ஆகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தகட்டைச் சொல்லவா வேண்டும்? விளிம்பிலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாக அடித்து, ரப்பர் வாஷர் போட்டு, சட்டங்களைச் சுவரோடும் தூணோடும் இரும்புப் பட்டையால் இறுகப் பிணைக்க வேண்டும். வெப்பம் குறைய வெள்ளை அல்லது இளநிறத் தகட்டை வாங்குங்கள். முகட்டில் காற்றுப்போக்கி வையுங்கள். கால்நடைக் கொட்டகையில் சிறுநீர் ஆவியால் தகடு விரைவில் துருப்பிடிக்கும். பூச்சு உரிந்த இடத்தில் உடனுக்குடன் வண்ணம் பூசுங்கள்.

மங்களூர் ஓடு: வீட்டுக்குக் குளிர்ச்சி தருவது, ஒன்றிரண்டு உடைந்தாலும் மாற்றுவது எளிது. சதுர மீட்டருக்குச் சுமார் 16 ஓடு வேண்டும். ஓடு ஒன்று 2 முதல் 2.5 கிலோ எனக் கொண்டால், நம் கொட்டகைக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை வரும். அட்டைக்குப் போட்ட சட்டம் இதைத் தாங்காது, சரிவும் போதாது. கைமரம், ரீப்பர் எல்லாம் புதிதாக வேண்டும். ஆகவே தச்சரைக் கலந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

கல்நார் கலவாத சிமெண்டு அட்டை: கல்நாருக்குப் பதிலாக மரக்கூழும் செயற்கை இழையும் சேர்த்துச் செய்யப்படுவது. தோற்றமும் பொருத்தும் முறையும் பழைய அட்டையைப் போன்றவையே. ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்நார் உள்ள அட்டையும் கடைகளில் "ஃபைபர் சிமெண்டு" என்ற பெயரில் விற்கப்படுகிறது. எனவே பெயரை நம்பாமல், "கல்நார் கலவாதது" என்று பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

கீற்றுக் கூரை: கறவை மாடுகளுக்குக் குளிர்ச்சியில் இதற்கு இணையில்லை, செலவும் குறைவு. தீ அபாயமும், அடிக்கடி மாற்ற வேண்டிய தேவையும் இதன் குறைகள். அடுப்புக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடத்தில் அமைக்கும் சிறு தொழுவத்துக்கு ஏற்றது.

முடிவுரை

விவசாயப் பெருமக்களே! கூரை மாற்றும் வேலையில் ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக அட்டையை உடைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூரைமேல் ஏறாமல், நனைத்து, முழுதாகக் கழற்றி, சுற்றிக் கட்டி ஒப்படையுங்கள். கூடுதலாக ஆவது ஒரு சாரமும், சில முகக்கவசங்களும், இரண்டொரு நாள் கூலியும்தான். நல்ல நிலையில் உள்ள அட்டையைத் தொடாமல் விட்டு, கெட்டுப்போனதை முறையாக அகற்றினால், உங்கள் குடும்பமும், உங்களிடம் வேலைக்கு வருபவரின் குடும்பமும் பல ஆண்டுகள் கழிந்தும் நலமாக இருக்கும்.